தொகாநிலையும் தொகைநிலையும்: இல்லத்து இசைக்கருவி பற்றிய ஒரு சிற்றாராய்ச்சி

முன்னுரை

மொழியும் இலக்கணமும் பயிலும் மாணவராகிய யாம், மின்னாற் பாடும் ஒரு கருவியைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். அறிவியற்றுறை நண்பர் இதனை எம்மினும் செவ்விதின் எழுதுவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சென்ற ஆண்டு எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் எம்மை இப்பொருளில் ஆழ்ந்து எண்ணச் செய்தது. எம் பாட்டனார் நாற்பதாண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமைத்திருந்த, தனித்தனிப் பெட்டிகளாலாகிய இசைக்கருவித் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் ஒரே பெட்டியாக அமைந்த ஸ்டீரியோ ஆம்பிளிபயர் ஒன்றை வைத்தோம். இம்மாற்றம் தக்கதோ தகாததோ என இல்லத்தார் பலநாள் வாதிட்டனர். அவ்வாதத்தில் யாம் கேட்டனவும், நூல்களிற் கற்றனவும், எம் செவியால் ஆய்ந்தனவும் ஈண்டு முறையே கூறப்படும்.

ஆம்பிளிபயர் என்பதனை இக்கட்டுரையிற் பெருக்கி என்றே வழங்குவாம். ஒலியை அறைக்குள் எழுப்பும் ஸ்பீக்கரை ஒலிப்பெட்டி என்போம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் பலர்க்கு இயல்பு. பெருக்கி மின்னலையைப் பெரிதாக்குவது. ஒலிப்பெட்டி அம்மின்னலையைக் காற்றலையாக மாற்றுவது. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளின் பின்வருவன எளிதில் விளங்கும்.

1. பெருக்கியின் தொழில்

இசைத்தட்டின் மீது ஊசி செல்லுங்கால், அதன் தலையிலுள்ள காந்தம் அசைந்து மின்னலையைப் பிறப்பிக்கிறது. அவ்வலை மிகச் சிறிது. பெரும்பாலான தலைகளில் அஃது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், அஃதாவது ஒரு வோல்ட்டின் இருநூற்றில் ஒரு பங்கு. ஒலிப்பெட்டி நன்கு முழங்க வேண்டுமாயின் அதன் வாயில் 20 வோல்ட் வரையிலும் வேண்டப்படும். எட்டு ஓம் தடையுடைய ஒலிப்பெட்டியில் 20 வோல்ட் செலுத்தின் 50 வாட் திறன் உண்டாகும். ஆகவே, ஐந்து மில்லிவோல்ட்டை இருபது வோல்ட் ஆக்குதற்கு நாலாயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும். இதனை ஒரே தாவலிற் செய்வது அரிது. ஆதலின் மூன்று படிகளாகப் பகுத்துக்கொண்டனர்.

முதற்படி இசைத்தட்டிற்கே உரியது. அது 5 மில்லிவோல்ட்டை ஏறத்தாழ நூறு மடங்காக்கி அரை வோல்ட் ஆக்கும். அதனோடு மற்றொரு பணியும் அதற்கு உண்டு. தட்டில் ஒலியைப் பொறிக்கும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களை மிகுத்தும் பொறிப்பர். அங்ஙனம் செய்யாவிடின் தாழ்ந்த சுரத்தின் அலைவு மிகுந்து பக்கத்து வரையை இடிக்கும். உயர்ந்த சுரமோ தட்டின் இரைச்சலுள் மூழ்கும். கேட்கும்போது அக்குறைவையும் மிகுதியையும் மறுதலையாகத் திருத்தல் வேண்டும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தார் சங்கம் இதற்கு ஒரு பொதுவரம்பு வகுத்தது. அவ்வரம்பு பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இரண்டாம் படி முன்பெருக்கி எனப்படும். வானொலி, ஒலிநாடா, குறுந்தட்டு, இசைத்தட்டு ஆகியவற்றுள் எது பாடவேண்டும் எனத் தெரிந்தெடுப்பதும், ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பதும், இடவல ஒலிகளைச் சமன் செய்வதும் இதன் தொழில். மூன்றாம் படி திறன்பெருக்கி எனப்படும். இதற்குத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. வந்ததை ஏறத்தாழ இருபது மடங்காக்கி, ஒலிப்பெட்டியின் கூம்பினைத் தள்ளி இழுத்தற்குரிய வலிமையையும் கூட்டி அனுப்புவதே இதன் கடன். முன்னது அமைச்சனையும் பின்னது படையையும் ஒக்கும் எனலாம்.

இம்மூன்று படிகளையும் மூன்று வேறு பெட்டிகளில் அமைத்துக் கம்பிகளால் இணைப்பது ஒருமுறை. மூன்றனையும் ஒரே பெட்டிக்குள் அடக்குவது மற்றொரு முறை. பின்னதனையே ஒருங்கிணைந்த பெருக்கி என்ப.

2. பிரித்து வைத்தமைக்குக் காரணம்

பிரித்து வைத்தோர் வீண் ஆடம்பரம் கருதிச் செய்திலர். 1947ஆம் ஆண்டில் வில்லியம்சன் என்பார் ஆங்கில வானொலி இதழொன்றில் வெளியிட்ட பெருக்கியின் அமைப்பு உலகெங்கணும் ஆர்வலர் கைகளிற் பரவிற்று. அக்காலத்துப் பெருக்கிகள் வெற்றிடக் குழல்களால் இயங்கின. அக்குழல்கள் அடுப்புப்போற் சுட்டன. அவற்றிற்கு மின் வழங்கும் டிரான்ஸ்பார்மர் இரும்புப் பாறைபோற் கனத்தது. அதனைச் சூழ்ந்து காந்தப்புலமும் பரவிற்று. சில மில்லிவோல்ட் அளவினதாகிய மெல்லிய அலை அக்காந்தப்புலத்தின் அருகே சென்றால் உறுமலோசையை ஏற்றுக்கொள்ளும். ஆகலின் மெல்லியதனை வலியதனின்றும் தொலைவில் நிறுத்தினர். கனத்த பெட்டி தரையில் ஒளிந்திருக்க, குமிழ்களையுடைய சிறு பெட்டி கையெட்டும் இடத்தில் இருந்தது.

ஸ்டீரியோ வந்தபின் சுமை இரட்டித்தது. ஒலியை இடம் வலம் என இரு வழியாகப் பதிந்து, கேட்போன் முன்னே பாடுவோர் நிற்கும் இடத்தையும் தோற்றுவிக்கலாம் என்பதனை ஆங்கிலப் பொறியியலாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரிற் காப்புரிமை விண்ணப்பமாக வரைந்தார். 1934இல் இலண்டனிலுள்ள ஏபி சாலைக் கூடத்திற் பேரிசைக்குழு ஒன்றின் இசையை அம்முறையிற் பதிந்தும் காட்டினார். அவர் 1942இல், ராடார் கருவியொன்றை விமானத்திற் சோதித்தபோது நேர்ந்த விபத்தில், முப்பத்தெட்டு வயதிலேயே உயிர் துறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் கடைகளுக்கு வந்த 1958ஆம் ஆண்டை அவர் காணவில்லை. இருவழி ஒலிக்கு இரண்டு பெருக்கிகள் வேண்டப்பட்டமையின், கனமும் வெப்பமும் இருமடங்காயின.

இச்சுமையை இறக்கியது டிரான்ஸிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த அச்சிறுபொருள், பதினைந்து இருபது ஆண்டுகளில் இல்லப் பெருக்கிகளுள்ளும் புகுந்தது. வெப்பம் குறைந்தது, கனம் குறைந்தது, பிரித்து வைத்தற்குரிய முதற்காரணமே பெரும்பாலும் நீங்கிற்று. 1978இல் வெளிவந்த என்ஏடி 3020 என்னும் ஒருங்கிணைந்த பெருக்கி, தாளில் எழுதிய அளவில் ஒவ்வொரு வழிக்கும் 20 வாட்டே தருவதாயினும், விலை மிக்க தனிப்பெட்டிகளோடு ஒப்பவைத்துப் பேசப்பட்டது. நம் நாட்டிலும் கல்கத்தாவில் 1970இல் தொடங்கப்பெற்ற சோனோடைன் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை நடுத்தர இல்லங்கட்குக் கொணர்ந்தன.

இன்னும் அண்மையதோர் உவமையும் கூறலாம். கோட்டாற்றுச் சவேரியார் பெருவிழா முதலாக நம் நாஞ்சில் நாட்டில் நிகழும் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மைக் செட்காரர் கொண்டுவரும் கருவியை நோக்குமின். பல ஒலிவாங்கிகளின் அலையைக் கலப்பதும், அளவிடுவதும், குழாய்களை முழங்கச் செய்யும் திறனைக் கூட்டுவதும் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் உள. மழையிலும் புழுதியிலும் ஊர் ஊராகச் செல்லும் கருவிக்கு இணைப்புக்கள் குறைதலே நலம் என்பதனை அவர் பட்டறிவால் அறிந்துளர்.

3. எம் இல்லத்துத் தொகாநிலை

இலக்கண நூலார் சொற்றொடரைத் தொகாநிலை எனவும் தொகைநிலை எனவும் பகுப்பர். 'பாலைக் குடித்தான்' என்புழி வேற்றுமையுருபு வெளிப்பட நின்றது. 'பால் குடித்தான்' என்புழி அவ்வுருபு மறைந்து நின்றது. மறைந்ததேயன்றி அதன் பொருள் அழிந்திலது. எம் பாட்டனார் அமைத்த தொகுதி தொகாநிலை. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே ஓடிய கம்பிகள் வெளிப்பட நின்ற உருபுகள். புதிய பெருக்கியோ தொகைநிலை. அதனுள்ளும் அவ்வுறவுகள் அனைத்தும் உள. ஆயின் கண்ணுக்குத் தோன்றா.

பாட்டனார் பள்ளியிற் பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மர அலமாரியில் மேலிருந்து கீழாக இசைத்தட்டுச் சுழலி, தட்டுக்குரிய சிறு பெருக்கி, வானொலி வாங்கும் டியூனர், ஒலிநாடாக் கருவி, குறுந்தட்டுக் கருவி, முன்பெருக்கி, திறன்பெருக்கி என ஏழு பெட்டிகள் இருந்தன. இறுதியிற் கூறிய திறன்பெருக்கியைத் தம் கையாலே பற்றவைத்து இயற்றியிருந்தார். 2என்3055 என்னும் எண்ணுடைய, வட்டத் தொப்பி போன்ற டிரான்ஸிஸ்டர்கள் அதன் பின்புறத்து அலுமினியத் தகட்டில் வரிசையாக நின்றன. நாகர்கோவில் வானொலி நிலையம், நம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கப்பட்டபோது, அதன் ஒலியைத் தம் கருவியிற் கேட்ட மகிழ்ச்சியைப் பலமுறை எமக்குச் சொல்லியுளார்.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தமையாற் பல நாள் மின்சாரம் இல்லை. அப்பொழுது யாம் பத்துப் பதினோராண்டுச் சிறார். பாட்டனார் அந்நாட்களில் ஏழு பெட்டிகளையும் கழற்றி, ஒவ்வோர் இணைப்பு முனையையும் துணியால் துடைத்து, எம்மை அருகிருத்தி எது எதனோடு சேரும் என்று கற்பித்தார். மின்சாரம் மீண்ட மாலையில் முதற்பாட்டு எழுந்தபோது தெருவிலிருந்தும் சிலர் வந்து திண்ணையில் அமர்ந்தனர். அம்மாலை எமக்கு மறவாது.

4. வெளிப்பட்ட உருபுகளின் இடர்

பாட்டனார் இறைவனடி சேர்ந்தபின் அத்தொகுதி மெல்ல மெல்ல ஊமையாயிற்று. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, களிம்பு. எம் இல்லம் கடற்காற்று எட்டுந் தொலைவில் உளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் நம் மாவட்டத்தை நனைப்பன. ஈரமும் உப்பும் கூடிய காற்றில் பித்தளை முனைகள் களிம்பேறும். ஏழு பெட்டிகளுக்கிடையே, இடவலம் இரண்டும் சேர, இருபத்தினான்கு முனைகள் இருந்தன. அவற்றுள் யாதேனும் ஒன்று தளர்ந்தால் ஒருபக்க ஒலி மங்கும். புறவளையம் தளர்ந்தாலோ உறுமல் எழும். அவற்றைத் திங்கள்தோறும் துடைத்த கை இப்பொழுது இல்லை.

இரண்டாவது, நில இணைப்பு வளையம். இரண்டு பெட்டிகள் மின்செருகியின் வழியாக நிலத்தோடு இணைந்து, தம்முட் கம்பியாலும் இணைந்தால், அங்கு ஒரு வளையம் உண்டாகும். அவ்வளையத்திற் சிறு மின்னோட்டம் சுழன்று, நம் மின்சாரத்தின் 50 அலைவுக்கு ஒப்பவும் அதன் மடங்குகளுக்கு ஒப்பவும் உறுமலை எழுப்பும். இதற்கு அஞ்சிச் சிலர் செருகியின் நிலமுனையை ஒடித்துவிடுவர். அஃது உயிருக்கு உலை வைக்குஞ் செயலாகும். உறுமல் செவியை வருத்துவதோடு நிற்கும். நில இணைப்பற்ற உலோகப் பெட்டி கை வைத்தாரைக் கொல்லவுங் கூடும்.

மூன்றாவது, ஏவும் முறை. முன்பெருக்கியை முதலில் ஏவி, சற்றுப் பொறுத்தே திறன்பெருக்கியை ஏவல் வேண்டும். நிறுத்துங்கால் இம்முறையைத் தலைகீழாக்கல் வேண்டும். முறை பிறழின், முன்பெருக்கி விழித்தெழும்போது எழும் மின்னதிர்ச்சியைத் திறன்பெருக்கி இருபது மடங்காக்கி ஒலிப்பெட்டியின்மேல் எறியும்.

இம்மூன்றாவதே எம் இல்லத்தில் வினையாயிற்று. எம் பாட்டியார் நாடோறும் விடியற்காலையிற் கீர்த்தனை கேட்கும் வழக்கமுடையார். ஐம்பதாண்டுகளாக அவருக்காகக் கருவியை ஏவியவர் பாட்டனார். அவர் மறைந்த சில நாட்களில் பாட்டியார் தாமே எழுந்து சென்று ஏவினார். முறை மாறியது. இடிபோல் ஓர் ஒலி எழுந்தது. அன்றுமுதல் அவர் அவ்வலமாரியின் பக்கமே செல்லவில்லை. "மக்களே, நீ வந்த பொறவு போட்டாப் போதும்" என்று எம்மிடம் கூறுவார். யாமோ காலையிற் கல்லூரிக்குப் புறப்பட்டு மாலையில் மீள்வோம். விடியற்காலைக் கீர்த்தனை மாலைக்குத் தள்ளிற்று. மாலையில் அவருக்கு உறக்கம் வந்துவிடும். இங்ஙனம் ஐம்பதாண்டு வழக்கம் ஒரு குமிழின் பொருட்டு நின்றது. இதனைக் கண்டபின்னரே மாற்றம் வேண்டும் என்னும் பேச்சு எம் இல்லத்தில் எழுந்தது.

5. தொகைநிலையின் குணமும் குற்றமும்

ஒருங்கிணைந்த பெருக்கியின் குணங்களை முதற்கண் கூறுவாம். அதனுள் படிகளுக்கிடையே உள்ள இணைப்புக்கள் பற்றவைக்கப்பட்டவை. ஆகலின் அவற்றிற் களிம்பேறித் தளரும் முனைகள் இல்லை. ஒரே செருகியும் ஒரே மின்னூட்டமும் உடைமையின், முன்பெருக்கிக்கும் திறன்பெருக்கிக்கும் இடையே நிலவளையம் உண்டாதற்கு வழியில்லை. நல்ல அமைப்புக்களில், ஏவியபின் சில நொடி கழித்தே ஒலிப்பெட்டியை இணைக்கும் ரிலே ஒன்று உளது. ஏவும்போது டிக் என்று கேட்கும் சிற்றொலி அதனுடையதே. ஆகலின் முறை பிறழ்தல் என்பதற்கே இடமில்லை.

பெருக்கங்களின் பொருத்தம் மற்றொரு குணம். வெவ்வேறு நிறுவனத்தாரின் பெட்டிகளைச் சேர்க்கும்போது, மொத்தப் பெருக்கம் வேண்டிய அளவினும் மிகுதல் உண்டு. அப்பொழுது ஒலிக்குமிழைச் சிறிது திருப்பிய அளவிலேயே வீடு அதிரும். மெல்லக் கேட்டற்கு இடமே இராது. ஒரே அறிவால் அமைந்த பெட்டியில் இப்படிகள் ஒன்றற்கொன்று அளந்து வைக்கப்பட்டிருக்கும்.

குற்றங்களும் உள. வலிய மின்னோட்டமும் மெல்லிய அலையும் ஒரே கூரையின்கீழ் வாழ்தலின், அமைத்தவன் கவனம் குன்றினால் ஒன்று மற்றொன்றைத் தீண்டும். ஓருறுப்புப் பழுதுபடின் பெட்டி முழுவதும் பணிமனைக்குச் செல்லும். அதுகாறும் இல்லம் மௌனமாகும். ஓருறுப்பை மட்டும் உயர்த்திக்கொள்ளலும் எளிதன்று. மேலும் தொகைச்சொல்லை விரித்தாலன்றி மறைந்த உருபு இன்னதென்று துணிய இயலாதவாறுபோல, ஒருங்கிணைந்த பெருக்கியைத் திறந்து ஆய்ந்தாலன்றிப் பழுது எப்படியில் உளது எனத் துணிய இயலாது. தனிப்பெட்டிகளிலோ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

வாட் எண்ணைக் கண்டு மயங்குதலும் கூடாது. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஒலி இருமடங்காகும் என்பர் சிலர். அஃது உண்மையன்று. திறன் இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு அது சிறு வேறுபாடே. செவி இருமடங்கு என்று உணர்தற்கு ஏறத்தாழப் பத்துமடங்கு திறன் வேண்டும். ஒரு வாட் செலுத்திய அளவில் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் ஒலிக்கும் பெட்டிகள் பல உள. அஃது உரத்துப் பேசுவாரின் குரலினும் மிகுதி. ஆகவே நம் இல்லங்களின் முன்னறைக்குப் பெருந்திறன் வேண்டுவதில்லை.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். ஆங்குள்ள பெருந்தூண்கள் நான்கும் தனித்தனியே ஒவ்வொரு கல்லாற் செதுக்கப்பட்டவை. அவற்றுள் இரண்டில் முப்பத்துமூன்று சிறுதூண்களும், மற்றை இரண்டில் இருபத்தைந்து சிறுதூண்களும் ஒரே கல்லினின்றும் பிரிந்து நிற்பன. தட்டினால் வெவ்வேறு ஒலி தருவன. ஒன்றாயிருந்தே பலவாய் ஒலித்தல் இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் நாட்டில் வேறு வேண்டா.

6. செவியால் ஆய்ந்தது

வாதம் முடிவுறாமையின், பொறியியல் பயிலும் எம் தமையனார் ஓராய்வு செய்யலாம் என்றார். பழைய தொகுதியின் களிம்பெல்லாம் துடைத்து, அதனைப் பாட்டனார் காலத்து நிலைக்குக் கொணர்ந்தார். ஒரு நண்பர் இல்லத்தினின்றும் ஒருங்கிணைந்த பெருக்கி ஒன்றை இரவலாகப் பெற்றோம். ஒரே குறுந்தட்டுக் கருவியின் அலை இரண்டிற்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இரு பெருக்கிகளின் வெளியீடுகள் ஒருகணமும் ஒன்றையொன்று தொடாவாறு அமைந்த மாற்றாளி ஒன்றின் வழியாக அவை ஒரே சோடி ஒலிப்பெட்டிகளை அடைந்தன.

ஈண்டு இன்றியமையாததொரு செய்தி உளது. சற்றே உரத்து ஒலிப்பது எப்பொழுதும் செவிக்கு இனிதாகத் தோன்றும். ஆகலின், மாறாத ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்து, ஒலிப்பெட்டியின் முனையில் மின்னழுத்தத்தை மானியால் அளந்து, இரண்டினையும் சமன் செய்த பின்னரே ஆய்வு தொடங்கிற்று. இதனைச் செய்யாது கடையிற் கேட்டு வாங்குவோர் உரத்ததனையே சிறந்ததென எண்ணி ஏமாறுவர்.

இளையராஜா 1986இல் வெளியிட்ட ஹௌ டு நேம் இட் என்னும் கருவியிசைத் தொகுப்பும், பாட்டியார் விரும்பும் கீர்த்தனைத் தட்டொன்றும் ஒலிக்கப்பட்டன. எம் தங்கை திரைக்குப் பின்னிருந்து மாற்றாளியைத் திருப்பினாள். எது பழையது எது புதியது எனப் பத்துமுறை கூற முயன்றோம். ஆறுமுறை சரியாகக் கூறினோம். காசைச் சுண்டி விடை கூறியிருப்பின் ஐந்துமுறை சரியாகியிருக்கும். நாற்பதாண்டு உழைப்பின் ஒலி வேறு என்று உறுதியாக வாதிட்ட எமக்கு அது நாணத்தைத் தந்தது. திரை நீக்கப்பட்டு, பாட்டனார் பெட்டியில் விளக்கு எரிவதைக் கண்டவழி மட்டும், அதன் முழவொலி நிறைவாக இருப்பதாக எமக்குத் தோன்றிற்று. அந்நிறைவு செவியினின்றும் வந்ததோ நினைவினின்றும் வந்ததோ, யாம் அறியேம். செவியினின்றும் வந்ததன்று என்று தமையனார் சிரித்தார். தந்தையார் சிரிக்கவில்லை.

7. பாட்டியாரின் தீர்ப்பு

ஆய்வு முடிந்தபின் தந்தையார் பாட்டியாரை நோக்கி, "அம்மா, அப்பா செய்த பெட்டியை எடுத்துவிடலாமா?" என்று வினவினார். அவ்வினா எம் அனைவர் நெஞ்சையும் அறுத்தது. பெட்டிகளின் குணதோடங்களை நாள்தோறும் வாதிட்ட யாம், அவற்றைப் பயன்படுத்த வேண்டியவரை அதுகாறும் வினவாமைக்கு வருந்தினோம்.

பாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவுக எனக்குப் பாட்டுக் கேக்கத்தான அதச் செஞ்சாவ. நான் கேக்காம அது சும்மா இருந்தா அவுகளுக்கு என்ன சந்தோசம்?" என்றார். ஏழு பெட்டிகளின் பொருளையும் அவ்வொரு சொல் விரித்துவிட்டது. வாதம் அத்துடன் முடிந்தது.

எம் தந்தையார் வாங்கிய ஒருங்கிணைந்த பெருக்கியில் இசைத்தட்டிற்குரிய முதற்படியும் உள்ளமைந்துளது. இருவழி ஒலியை ஒருவழியாக்கும் ஆளியும் உளது. ஸ்டீரியோ வருமுன் வெளிவந்த பழந்தட்டுக்களை அவ்வாளியால் இரைச்சல் குறையக் கேட்கலாம். முன்பெருக்கியின் வெளியீட்டு முனைகளும் பின்புறத்தில் உள. அம்முனைகளின் வழியே பாட்டனாரின் திறன்பெருக்கியை வேண்டும்போது இணைத்துக்கொள்ளலாம். தொகையையும் வேண்டுழி விரிக்கலாம் அன்றோ! ஆகவே அத்திறன்பெருக்கியைத் துணியாற் போர்த்தி அலமாரியின் கீழ்த்தட்டிலேயே வைத்துளோம். ஆண்டிற்கொருமுறை, பாட்டனார் நினைவுநாளில், யாம் அதனை இணைத்து ஏவுதல் வேண்டும் என்பது பாட்டியாரின் கட்டளை. மின்தேக்கிகள் நெடுங்காலம் மின்னின்றிக் கிடந்தால் தளரும் என்பதனால் தமையனாரும் அதற்கு உடன்பட்டார்.

8. மாற்ற விழைவார்க்குச் சில சொற்கள்

இத்தகைய மாற்றத்தை எண்ணும் அன்பர்க்கு, எம் சிறு பட்டறிவினின்றும் ஐந்து செய்திகளைக் கூறி அமைவோம்.

முதலாவது, யார் கேட்பதற்கு, யார் ஏவுவதற்கு என்பதனை முன்னர்த் துணிக. கருவியை ஆய்வதில் இன்பங் காண்பார்க்குத் தனிப்பெட்டிகளே தக்கவை. பாட்டில் இன்பங் காண்பார்க்கு ஒரு பெட்டியே போதும்.

இரண்டாவது, தம்மிடமுள்ள கருவிகளை எண்ணி, அத்தனைக்கும் வேண்டிய உள்ளீட்டு முனைகள் புதிய பெருக்கியில் உளவா என நோக்குக. இசைத்தட்டுச் சுழலி உடையார், அதற்குரிய முதற்படி உள்ளமைந்துளதா என்பதனைத் தவறாது வினவுக. அஃதில்லாத முனையிற் சுழலியைச் செருகினால் ஒலி மெலிந்தும் தாழ்சுரம் அற்றும் கேட்கும்.

மூன்றாவது, ஒலிப்பெட்டியின் தடையை நோக்குக. எட்டு ஓமுக்கென அமைந்த பெருக்கியில் நான்கு ஓம் பெட்டியை இணைத்தால் அது மிகுதியாகச் சுடும், பழுதுறவும் கூடும்.

நான்காவது, மூச்சுவிட இடம் தருக. டிரான்ஸிஸ்டர் குளிர்ந்தது என்றாலும், பழைய முறையில் அமைந்த பெருக்கிகள் தாம் கொள்ளும் மின்திறனிற் பெரும்பகுதியை வெப்பமாகவே விடுவன. அண்மைக்காலத்து வந்த டி வகுப்புப் பெருக்கிகளோ, முழுத்திறனை அணுகும்போது தாம் கொள்வதிற் பத்தில் ஒன்பது பங்களவும் ஒலிப்பெட்டிக்கு அளிக்க வல்லன. எவ்வகையாயினும், மூடிய அலமாரிக்குள் திணித்து, மேலே துணி விரித்து வைத்தல் ஆகாது. இடிமழைக் காலத்தில் செருகியைக் கழற்றுதலும் நம் நாட்டிற்கு இன்றியமையாத பழக்கமாகும். செருகி ஒன்றேயாதலின் அது முதியோர்க்கும் எளிது.

ஐந்தாவது, பழையதனை விற்குமுன் அதனைச் செய்தவரை அல்லது சேர்த்தவரை ஒருகால் நினைக்க.

முடிவுரை

புதிய பெருக்கி எம் இல்லத்திற்கு வந்த மறுநாள், விடியுமுன்னரே முன்னறையில் டிக் என்னும் சிற்றொலி கேட்டு யாம் விழித்தோம். சில நொடிகளில் கீர்த்தனை மெல்ல எழுந்தது. எழுந்து சென்று நோக்கினோம். பாட்டியார் பெருக்கியின் முன் நாற்காலியில் அமர்ந்து, ஒலிக்குமிழைத் தாமே சிறிது திருப்பி, அண்டை வீட்டார் உறக்கம் கெடாத அளவில் நிறுத்தினார். எம்மைக் கண்டதும், "நீ போய்ப் படு மக்களே, இன்னும் விடியல்ல" என்றார்.

அன்று யாம் கல்லூரிக்குச் செல்லும் வழியெல்லாம் எண்ணியது ஒன்றே. தொகைநிலையில் உருபு மறைகின்றது, பொருள் மறைவதில்லை. பாட்டனார் நாற்பதாண்டுகளாகச் செய்த பணியும் அத்தன்மையதே. அதனைத் தொடர்வது எவ்வமைப்பால் ஆயினும் நன்றே. அறிவியல் பயிலும் நண்பர் இக்கட்டுரையிற் குற்றங் காணின் பொறுத்துத் திருத்துவாராக. தம் இல்லத்து முதியோர் ஒருவர் ஏதேனும் ஒரு கருவிக்கு அஞ்சி ஒதுங்கியிருத்தலைக் காணும் அன்பர், அக்கருவியை ஒருமுறை ஆய்ந்து நோக்குவாராயின், யாம் இதனை எழுதிய பயனை எய்தினேம் ஆவோம்.